கார் ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதுமா?



ஸ்கூட்டர் பழகின கதை, கார் பழகின கதை என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஓட்டிப் பழகின வண்டி ஒரு நாள் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்தீர்கள் என்று யாரும் எழுதக் காணோம். நானும் அந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாதவளாகத்தான் இருந்தேன். 2024 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மாமியாருக்கு இரண்டு கிட்னியும் சரியில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பவானியிலிருந்து ஈரோட்டுக்குக் காரில் நான்தான் கூட்டிப்போகிறேன். என் வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரம், மாசத்தில் பாதி நாள் வெளியூர். காலை ஆறு மணி முறை எங்களுடையது. ஐந்தே காலுக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

அன்றைக்கு மார்கழிக் குளிர். அத்தைக்குக் காது மறைத்து ஸ்கார்ப் கட்டி, முன் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் "டக் டக் டக்". டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி அணையப் பார்த்தது. பின்னால்தான் கண்டுபிடித்தோம். முந்தின நாள் சாயங்காலம் என் சின்னவன் கீழே விழுந்த பென்சிலைத் தேட கூரை விளக்கைப் போட்டவன் அணைக்கவே இல்லை. குண்டுமணி அளவு விளக்கு! புது பேட்டரி என்றால் ஒரு ராத்திரியைத் தாங்கியிருக்கும். எங்களுடையது நாலு வருஷத்துப் பேட்டரி. நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று, நாலு வருஷம் ஓடினாலே பெரிய விஷயமாம். அதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பினேன். பாவம், லுங்கியோடு ஓடி வந்தார். அவர் காரை மகன் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போயிருந்தான். தள்ளிப் பார்க்கலாம் என்றால் எங்கள் வாசல் தெருவை விடப் பள்ளம், மேட்டில் ஏற்றித் தள்ள மூன்று ஆளாவது வேண்டும். மெக்கானிக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் ஈ காக்கா இல்லை. கடைசியில் பால் வண்டிக்காரர் தெரிந்த ஆட்டோவை அனுப்பிவைக்க, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே கால். எங்கள் மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்ல? அவரும் நோயாளிதானே. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதற்குள் அத்தைக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்து, ஆக்ஸிஜன் வைத்து, வரிசை பெஞ்சிலேயே சாய்த்து உட்கார வைத்திருந்தோம். "ஒண்ணுமில்ல கண்ணு, நீ பதறாத" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஏழு மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

108-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் காரைத் தொடாமல் 108-ஐக் கூப்பிடுவதுதான் சரி, அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அன்று விடியற்காலையில் அத்தை நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். வண்டி கிளம்பாததுதான் அவரை நோயாளி ஆக்கியது.

ஊரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் புது பேட்டரி மாற்றினார். "இனிமே பிரச்னை வராது. வந்தா மெக்கானிக்குக்கு போன் பண்ணு" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த மெக்கானிக் போன் எடுப்பார்? ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கிக்கரை உதைத்துக் கிளப்புகிறோமே, காருக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். சிரித்தார்.

அப்பா காலத்து அம்பாசிடரில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். கை பிடியிலிருந்து உதறி மணிக்கட்டை முறித்துவிடுமாம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. பெண்கள் அதிகமாகக் கார் ஓட்ட வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். அந்தக் கைப்பிடிக்குப் பதிலாக நாம் மொத்தமாக நம்பியிருப்பது பானட்டுக்குள் இருக்கிற பேட்டரியை. அது படுத்தால் நாமும் படுக்க வேண்டியதுதான்!

ஜம்ப் ஸ்டார்ட்டர் என்று கையடக்கப் பெட்டி ஒன்று இருப்பதை என் நாத்தனார் வீட்டு அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். டிபன் பாக்ஸ் அளவு, அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. உள்ளே லித்தியம் பேட்டரி. செல்போன் மாதிரியே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கிளிப் வயரோடு வரும். ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். சீட்டுப் பணம் எடுத்ததில் வாங்கினேன் என்பதால் வீட்டில் யாரிடமும் கைநீட்டவில்லை.

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய பேட்டரியால் முடியாததை இந்தச் சின்னப் பெட்டி எப்படிச் செய்யும்? எங்கள் மெக்கானிக் தம்பி விளக்கினார். நம் வீட்டில் ஃபிரிட்ஜ், கிரைண்டருக்கெல்லாம் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் சாக்கெட் போட்டிருக்கிறோம் இல்லையா, கார் இன்ஜினைச் சுற்றிவிட நூறு ஆம்பியருக்கு மேலே வேண்டுமாம். ஆனால் இரண்டே இரண்டு விநாடிக்குத்தான். அந்த இரண்டு விநாடிக்கு மொத்த பலத்தையும் கொட்டிக் கொடுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள் இதை. செல்போனுக்கு வைத்திருக்கிற சாதாரண பவர் பேங்க்கால் இந்த வேலை ஆகாது. பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்து நிரப்பாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓடுகிற வண்டியே பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். அதனால் கிளம்பினதும் அணைத்துவிடாமல் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். வாசலில் நிறுத்தி உறுமவிட்டால் சரியாக ஏறாது.

இப்போது செய்முறை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் மன்னிக்கணும், இதையும் அதே மாதிரிதான் சொல்லப் போகிறேன்.

முதல் வேலை, கையில் இருக்கிற வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனிக் காகிதத்திலும் இதைப் பெண்களுக்காகச் சேர்த்து எழுதியிருக்க மாட்டார்கள். பேட்டரியில் 12 வோல்ட்தான், காய்ந்த கையில் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஒரு தங்க வளையல் ப்ளஸ் முனையையும் பக்கத்து இரும்பையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், அந்த வளையல் வழியாகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கையோடு வெந்துபோகும். முந்தானையோ, துப்பட்டாவோ, இன்ஜின் ஓடும்போது பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னலையும் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஏ.சி., பாட்டு, விளக்கு எல்லாம் அணைத்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்கணும். பானட்டைத் திறந்தால் பேட்டரியில் கூட்டல் குறி, கழித்தல் குறி இருக்கும். கூட்டலுக்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி. சிவப்பு கிளிப்பைக் கூட்டலில் மாட்டணும். கறுப்பை கழித்தலில், அல்லது பேட்டரியை விட்டுத் தள்ளி பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். எது என்று உங்கள் பெட்டியோடு வந்த காகிதம் சொல்லும், அதன்படி செய்யுங்கள். பெட்டியில் பச்சை விளக்கு வந்தால் சாவியைத் திருப்பலாம். ஐந்து விநாடிக்கு மேல் திருப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. கிளம்பாவிட்டால் ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி. மூன்று தரம் பார்த்தும் கிளம்பவில்லை என்றால் விட்டுவிடணும், கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. கிளம்பினதும் முதலில் கறுப்பை, அப்புறம் சிவப்பைக் கழற்றணும். கழற்றின இரண்டு கிளிப்பும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது.

மாற்றி மாட்டிவிட்டால்? நல்ல பெட்டி என்றால் கூச்சல் போட்டு, வேலை செய்ய மறுத்துவிடும். இதற்காகவே ரொம்ப மலிவான பெட்டியை வாங்காதீர்கள் என்கிறேன். ஆனால் பல பெட்டிகளில் 'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. பேட்டரி ஒரேயடியாகச் செத்துப்போனால் பெட்டிக்கே அது மாட்டியிருப்பது தெரியாதாம், அப்போது அழுத்துவதற்கு. அதை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. நான் அதை இதுவரை தொட்டதில்லை. தொடுகிறவர்கள் சிவப்பு, கறுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இன்னொன்று, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரிக்குள் இருப்பதோ கந்தக அமிலம். உதவிக்கு வருகிற ஆம்பளைங்க பீடி, சிகரெட்டோடு குனிந்தால் தயங்காமல் தள்ளிப் போகச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குப் பானட்டைத் திறந்து வைத்துக் கற்பூரம் காட்டுகிற பழக்கம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பானட்டை மூடிவிட்டுக் காட்டினாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

எல்லா மக்கரும் பேட்டரிதான் என்று நினைத்துவிடவும் கூடாது. விளக்கு மங்கி, "டக் டக்" என்றால் பெரும்பாலும் பேட்டரி. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி பாவம், அதன்மேல் குற்றமில்லை. பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். சில நேரம் முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்துக் கிடக்கும். அதனாலும் கிளம்பாது. அதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொங்கிப் பொங்கிக் கழுவிக்கொண்டு போகும். மூடிக்குள் மட்டும் போகக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கின வண்டியில் இந்தப் பெட்டியை மாட்டவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனை கார் தண்ணீரில் நின்றது! இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது செல்ஃப் அடித்தால் இன்ஜினே உடைந்துவிடும். அதற்கு மெக்கானிக்தான்.

சரி, எல்லோரும் இதை வாங்கணுமா? தினமும் வண்டி எடுக்கிறவர்கள், புது பேட்டரி, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிற நகரம் என்றால் அவசியமில்லை, ஐயாயிரம் மிச்சம். அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஒரு ஜம்பர் கேபிள் வைத்திருந்தால் பக்கத்துக் காரில் மாட்டிக் கிளப்பலாம். ஆனால் எங்களைப் போல் நோயாளி இருக்கிற வீடு, வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிற வீடு, காரை வாரத்துக்கு ஒரு தரம் மட்டும் எடுக்கிற வீடு, இவர்கள் யோசிக்க வேண்டும். 2020 ஊரடங்கில் எத்தனை வீட்டு வாசலில் கார் நின்றபடியே பேட்டரி செத்தது, நினைத்துப் பாருங்கள். வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆட்டோமேடிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தள்ளிக் கிளப்புகிற வழியே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் திறக்கிற கார் என்றால், பேட்டரி செத்தால் கதவே திறக்காது. அந்த ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும். இன்றைக்கே எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது டப்பாவில் 12 வோல்ட் என்றும், எத்தனை லிட்டர் பெட்ரோல் இன்ஜின், எத்தனை லிட்டர் டீசல் இன்ஜினுக்கு என்றும் போட்டிருப்பதைப் பாருங்கள். டீசலுக்கு அதிக பலம் வேண்டும். ஆயிரம் ஆம்பியர், இரண்டாயிரம் ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது கண் மூடித் திறக்கிற நேரத்துக் கணக்கு.

இதில் எனக்கு இருக்கிற ஒரே குறை, நம்ம வெயிலுக்கு இதைக் காரிலேயே போட்டு வைக்க முடியாது. சித்திரையில் மூடின காருக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும், லித்தியத்துக்கு அது ஆகாது. உப்பிப்போன பெட்டியைத் தொடக்கூட வேண்டாம். நான் வீட்டு பீரோவில் வைத்து, ஈரோடு போகிற நாளில் கைப்பையோடு எடுத்துப் போய், கையோடு இறக்கிவிடுகிறேன்.

வாங்கி எட்டு மாசம் வேலையே இல்லை. "பணத்தைத் தண்டமா போட்டே" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணினார். அந்த ஆவணியில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். அத்தையையும் கூட்டிக்கொண்டு அவர்தான் ஓட்டி வந்தார். விடிகாலை இருட்டில் வந்தவர் ஹெட்லைட்டை அணைக்காமல் முகூர்த்தத்துக்கு ஓடிவிட்டார்! பந்தி முடிந்து வந்தால் "டக்". மறுநாள் டயாலிசிஸ், அத்தை சீக்கிரம் படுக்கணும். சுற்றிலும் பத்து ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தள்ளலாம் என்கிறார், ஒருவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுகிறார், ஒருவர் பேட்டரியையே தட்டிப் பார்க்கிறார். நான் வளையலைக் கழற்றி அத்தை மடியில் போட்டுவிட்டு, பட்டுச்சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, பெட்டியை எடுத்தேன். "அம்மணி, நீங்க தள்ளி நில்லுங்க" என்றார் ஒரு பெரியவர். நான் தள்ளவில்லை. சிவப்பு, கறுப்பு, பச்சை விளக்கு. "சாவியைத் திருப்புங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரே சுற்று, பிடித்துக்கொண்டது.

அவர் ஒன்றும் பேசவில்லை. கவுந்தப்பாடி தாண்டினதும், "அதை எப்படி மாட்டணும்னு எனக்கும் ஒரு தரம் காட்டு" என்றார்.

என் ஆதங்கம் இதுதான். நம்ம வீடுகளில் பொண்ணுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க இப்போது யாரும் யோசிப்பதில்லை. ஓட்டுநர் பள்ளியில் கிளட்ச், பிரேக், ரிவர்ஸ் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். நான் படித்த பள்ளியில் கடைசி நாள்வரை பானட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் காட்டவில்லை. கேட்டதற்கு "அது உங்களுக்கு எதுக்கு மேடம்" என்றார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றுகிறோம், மிக்ஸியில் கப்ளர் மாற்றுகிறோம், ஃபியூஸ் போனால் போடுகிறோம். இரண்டு கிளிப் மாட்டுவதா நமக்குப் பெரிய வித்தை? பழகுநர் உரிமத்துக்குப் பணம் கட்டும்போதே, டயர் மாற்றுவதும் பேட்டரி கிளப்புவதும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள் தோழிகளே. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குத் தானாகச் சொல்லித் தருவார்கள்.

பெட்டியைச் சும்மா வைத்திருந்தாலும் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தரம் சார்ஜ் போட வேண்டும். எனக்கு அது மறந்துபோகும். அத்தை அமாவாசைக்கு அமாவாசை கணக்கு வைத்திருக்கிறார். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பும்போதே, "அந்தப் பொட்டிக்குக் கரண்டு போட்டியா கண்ணு?" என்று கேட்டுவிடுகிறார்.

- ஒரு வாசகி, பவானி.